காட்டாதவற்றின் பட்டியல்

ஐந்து நிரல்கள்:
இலக்கம், திகதி, எழுதியவர், பெற்றவர்,
காட்டாமைக்குக் காரணம்.
உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு
நிரல் கிடையாது.

வாழைச்சேனையில் நீதிமன்றத்துக்கு எதிர்ச்சாரி,
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
காற்றாடி இந்தப் பக்கம் கிறுகும்போதெல்லாம்
கடதாசிகள் எழும்பப் பார்க்கின்றன.
ஒவ்வொன்றின் தலையிலும் ஏதோவொரு பாரம்:
துளையிடும் கருவி, சேருடைய கார்த் திறப்பு,
பாதி குடித்த நெக்டோப் போத்தல்.

கல்குடாப் பக்கத்து ஹோட்டல் கம்பனி
எங்கள் கட்சிக்காரர்.
எதிர்ப்பக்கம் கரைவலைக்காரர் பதினொரு பேர்.
வழக்கு ஒரு பாதைக்கு.
பன்னிரண்டடி அகலம், கடல்வரை நீளம்.
மதில் எழும்பியதிலிருந்து
வெள்ளாப்பில் ஒன்றரைக் கட்டை சுற்றிப் போகிறார்கள்
ஈரவலையின் பாரம் இரண்டு மடங்காக.

நாற்பத்து மூன்று ஆவணம் காட்டமுடியாது என்றார்
மீராமுகைதீன் சேர்.
என்னைவிட ஒன்பது வயது இளையவர்.
காட்டமுடியாது, ஆனால் ஒளிக்கவும் கூடாது.
இருக்கிறது என்று சொல்லவேண்டும்,
இன்னதென்று சொல்லக்கூடாது.
பத்தொன்பது வருடமாய்த் தட்டச்சு அடிக்கிறேன்.
இது எனக்குப் புதிய தமிழ்.

"சட்ட ஆலோசனை கோரும் கடிதம், ஒரு பக்கம்."
"சட்ட ஆலோசனை வழங்கும் கடிதம், மூன்று பக்கம்."
"வழக்கை எதிர்பார்த்துத் தயாரித்த குறிப்பு."
பதினாறு வரிவரை
விரல் அடித்தது, கண் வாசிக்கவில்லை.

பதினேழு.
நில அளவையாளர் பேரின்பதாசன்
கம்பனி முகாமையாளருக்கு எழுதியது.
நாலாய் மடித்துப் பிரித்த தாள்.
குண்டூசி துருவேறிய இரண்டு புள்ளி.
அடியில் "பிரதி: சட்டத்தரணிக்கு" என்று
வேறு பேனா, வேறு நீலம்.

வாசித்தேன்.
என்ன இருந்ததென்று இங்கேயும் சொல்லமாட்டேன்.
வேலைக்குச் சேர்ந்த அன்றே
கையெழுத்து வைத்துக் கொடுத்த வாய் இது.
மீன் விற்க வருகிறவளிடமும் சொன்னதில்லை,
கட்டிக்கொண்டவரிடமும் சொன்னதில்லை.

திகதியை அடித்தேன். பெப்ரவரி ஒன்பது.
மதிலுக்கு அத்திவாரம் வெட்டியது மே மாதம்.
எங்கள் கந்தோருக்குக் கம்பனி முதன்முதல்
படியேறி வந்தது ஒக்டோபரில், மழையோடு.
குடை வடிந்த இடத்தில்
சீமெந்து இன்னும் கறுத்திருக்கிறது.

சேர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.
"திகதி கட்டாயம் வேணுமா, அக்கா?"
"அது இரண்டாவது நிரல், சேர்."
"மறுகா?"
"மறுகா என்ன, எல்லாத்துக்கும் போட்டிருக்கு.
இதுக்கு மட்டும் விட்டால்
அந்த வெற்றிடம்தான் முதல் கண்ணில படும்."

ஜன்னல் பக்கம் கிறுகி நின்றார்.
கீழே கொப்பி இயந்திரத்தின் வெளிச்சம்
யாருடையவோ அடையாள அட்டையின் மேல்
போய்ப் போய் வந்தது.
பிறகு பேனா கேட்டார்.
தன்னுடையது சட்டைப்பையில் இருந்தும்.

சத்தியக்கடதாசியோடு பட்டியல் போய்ச் சேர்ந்தது.
முத்திரை, கையெழுத்து, நூல்கட்டு, எல்லாம் சரி.

தவணை அன்று மன்றுக்குள்
கடைசி வாங்கில் இருந்தேன்.
கரைவலைக்காரரின் சட்டத்தரணி
ஏறாவூர்ப் பிள்ளை, கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது.
ஐந்தாவது நிரலை அவள் பார்க்கவேயில்லை.
விரலை இரண்டாவதில் வைத்து
மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாள்,
அரிசியில் கல் பார்க்கிறமாதிரி.

அவளுக்குப் பின்னால் நல்லரெத்தினம்
முதலாம் வழக்காளி,
கயிறு தின்ற உள்ளங்கைகளை மடியில் மலர்த்தியபடி
காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவருக்கு ஒன்றும் தெரியாது.
எனக்குத் தெரிந்தது
எனக்குத் தெரியாது.

விரல் நின்றது.

என் கையிலிருந்த பிரதியைக் குனிந்து பார்த்தேன்.
பதினெட்டாம் வரியில்
"ஆலோசனை" என்பதில் ஒரு கால் விடுபட்டிருந்தது.
இனித் திருத்தமுடியாது.